பொருளும் இடமும்: பெர்செபோலிஸ் அகழாய்வு வரலாறு

முன்னுரை

பண்டைப் பாரசீகத்தின் அக்கேமெனியப் பேரரசர்கள் எழுப்பிய தலைநகரங்களுள் பெர்செபோலிஸ் தனிச்சிறப்புடையது. ஈரானின் பார்ஸ் மாகாணத்தில், ஷிராஸ் நகருக்கு வடகிழக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில், ரஹ்மத் மலையின் அடிவாரத்தில் இந்நகரம் அமைந்துள்ளது. முதலாம் டேரியஸ் (கி.மு. 522-486) மலைச்சரிவை வெட்டியும் நிரப்பியும் ஏறத்தாழ 1,25,000 சதுர மீட்டர் பரப்புடைய மேடை ஒன்றை அமைத்தான். அவன் தொடங்கிய மாளிகைகளை அவன் மகன் செர்க்சஸும் பெயரன் முதலாம் அர்த்தசெர்க்சஸும் விரிவுபடுத்தினர். கி.மு. 330-இல் அலெக்சாந்தரின் படை இந்நகரைக் கைப்பற்றி எரியூட்டியது. பிற்காலத்தில் மக்கள் இதன் உண்மைப் பெயரை மறந்து, தொன்மக் கதை மன்னன் ஜம்ஷீதின் பெயரால் 'தக்த்-இ ஜம்ஷீத்' (ஜம்ஷீதின் அரியணை) என்று அழைத்தனர். 1979-இல் யுனெஸ்கோ நிறுவனம் இதனை உலக மரபுச் சின்னங்களுள் ஒன்றாக அறிவித்தது.

இந்நகரின் அகழாய்வு வரலாறு பெரும்பாலும் சிறந்த கண்டுபிடிப்புகளின் வரிசையாகவே எழுதப்பெறுகிறது. அவ்வரலாற்றை வேறொரு நோக்கிலும் காணலாம். ஒரு தொல்பொருள் சான்றாவது அதன் அழகாலோ விலையாலோ அன்று; அது கிடைத்த இடத்தாலும், அதனோடு உடன்கிடந்த பிற பொருள்களாலுமே ஆகும். இந்த உண்மை பெர்செபோலிஸில் எவ்வாறு படிப்படியாக உணரப்பட்டது, எவ்வப்போது மறக்கப்பட்டது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பயணிகளும் படியெடுப்பாளர்களும்

மண்வெட்டி இங்கு வருவதற்கு முன்னரே எழுதுகோல் வந்துவிட்டது. ஷா அப்பாஸின் அவைக்கு ஸ்பெயின் மன்னர் அனுப்பிய தூதர் கார்சியா டி சில்வா பிகெரோவா 1618-இல் இவ்விடிபாடுகளைக் கண்டு, கிரேக்க நூல்கள் கூறும் பெர்செபோலிஸ் இதுவே என்று அடையாளம் காட்டினார். 1621-இல் இங்கு வந்த இத்தாலியப் பயணி பியத்ரோ டெல்லா வல்லே, கல்வெட்டுகளிலிருந்து ஐந்து ஆப்பெழுத்துகளைப் படியெடுத்ததோடு, அவை இடமிருந்து வலமாக எழுதப்பட்டவை என்றும் உய்த்துணர்ந்தார்.

இவர்களினும் பெரும்பணி ஆற்றியவர் கார்ஸ்டன் நீபூர். டென்மார்க் மன்னர் 1761-இல் அனுப்பிய அறுவர் குழுவில் உயிர் தப்பியவர் இவர் ஒருவரே. உடன்வந்தோரை ஒருவர்பின் ஒருவராக இழந்த இவர், பம்பாயில் தங்கியிருந்து 1764 இறுதியில் கப்பலேறி, மஸ்கட் வழியாகப் பாரசீகத்தை அடைந்தார். 1765 மார்ச் மாதத்தில் பெர்செபோலிஸில் ஏறத்தாழ மூன்று வாரம் தங்கிக் கல்வெட்டுகளை எழுத்துக்கு எழுத்து பிழையின்றிப் படியெடுத்தார். ஒரே இடத்தில் மூவகை எழுத்துமுறைகள் அடுத்தடுத்து அமைந்திருப்பதை அவர் கண்டறிந்தார். அப்படிகளைக் கொண்டே கியார்க் குரோட்டபெண்ட் 1802-இல் டேரியஸ், செர்க்சஸ் ஆகிய பெயர்களைப் படித்தார். ஆப்பெழுத்தின் வாயில் அங்குத் திறந்தது. நீபூர் எந்தக் கல்லையும் பெயர்த்துச் செல்லவில்லை என்பதும், எந்தக் கல்வெட்டு எங்கே நின்றது என்பதையும் அவர் பதிவு செய்தார் என்பதும் இங்குக் கருதத்தக்கன.

சிதறிய கற்கள்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் வந்தோர் பலர் படியெடுப்பதோடு நிற்கவில்லை. 1811-இல் பாரசீகம் வந்த பிரித்தானியத் தூதுக்குழுவினர் படிக்கட்டுப் புடைப்புச் சிற்பங்களின் பகுதிகளைப் பெயர்த்தெடுத்துச் சென்றனர். இவ்வாறு வெளியேறிய துண்டுகள் ஐரோப்பிய அருங்காட்சியகங்களையும் தனியார் இல்லங்களையும் அடைந்தன. ஊர்வலமாகச் செல்லும் மனிதர்களின் வரிசையாகச் செதுக்கப்பட்ட சிற்பம், தனித்தனித் தலைகளாகச் சிதறியது. வரிசையில் அம்மனிதன் எங்கே நின்றான், அவனுக்கு முன்னும் பின்னும் யார் நின்றனர் என்னும் செய்தி அத்துண்டுகளில் இல்லை.

1877-இல் பார்ஸ் மாகாண ஆளுநரும் காஜார் அரச குடும்பத்தவருமான பர்ஹாத் மிர்ஸா, நூறு தூண் மண்டபத்தில் பெருந்திரளான கூலியாட்களைக் கொண்டு மண் அகற்றச் செய்தார். மண்டபத்தின் தளம் வெளிப்பட்டது; அகற்றப்பட்ட மண்ணில் என்ன இருந்தது என்பதற்கு முறையான பதிவு இல்லை. எரிந்து வீழ்ந்த கூரையின் கரியும் சாம்பலும் கலந்த அம்மண்ணே அந்நகரின் இறுதி நாள் குறித்த சான்று என்னும் எண்ணம் அன்று எவருக்கும் தோன்றவில்லை.

1895-ஆம் ஆண்டின் உடன்படிக்கையும் 1900-ஆம் ஆண்டின் உடன்படிக்கையும் பாரசீகத்தில் அகழ்வு செய்யும் தனியுரிமையைப் பிரான்சுக்கு வழங்கின. பிரெஞ்சு அறிஞர்கள் தம் முயற்சியைச் சூசா நகரில் குவித்ததால் பெர்செபோலிஸ் பெரிதும் தீண்டப்படாமல் இருந்தது. 1927-இல் அத்தனியுரிமை முடிவுக்கு வந்தது. 1930-இல் ஈரான் தன் முதல் தொல்பொருட் சட்டத்தை இயற்றியது. முறையான அகழாய்வுக்கு வழி பிறந்தது அதன் பின்னரே ஆகும்.

பாடலிபுத்திரத்துடன் ஓர் ஒப்பீடு

பெர்செபோலிஸ் அகழப்படுவதற்கு முன்பே அதன் பெயர் இந்தியத் தொல்லியலில் ஒரு பெரும் விவாதத்தை எழுப்பியது. பாட்னாவை அடுத்த கும்ரகாரில் 1912-13 முதல் டி.பி. ஸ்பூனர், சர் ரத்தன் தாதாவின் பொருளுதவியுடன் அகழாய்வு நடத்தி, மௌரியர் காலத் தூண் மண்டபம் ஒன்றின் எச்சங்களைக் கண்டார். அம்மண்டபம் பெர்செபோலிஸின் நூறு தூண் மண்டபத்தை மாதிரியாகக் கொண்டு எழுப்பப்பட்டது என்று அவர் கருதினார். 1915-இல் வெளியிட்ட கட்டுரையில் அக்கருத்தை விரித்து, மௌரியரே பாரசீக மரபினர் என்னும் அளவுக்குச் சென்றார். அம்முடிபை அறிஞர் பலர் மறுத்தனர்.

ஸ்பூனரின் கையிலிருந்த பெர்செபோலிஸ், பயணிகள் வரைந்த தரைப்படங்களும் நிழற்படங்களும் மட்டுமே. மேடையின் கட்டட வரிசை, காலமுறை, பணியாளர், ஆட்சிமுறை ஆகிய எவையும் அன்று அறியப்படவில்லை. இரண்டு மண்டபங்களிலும் தூண்கள் வரிசையாக நின்றன என்பது உண்மை. ஆயினும் பாரசீகத் தூண்கள் நெடுக்கு வரிப்பள்ளங்களும் அடிபீடமும் உடையவை, மௌரியத் தூண்கள் வழவழப்பானவை, அடிபீடம் அற்றவை. 1951-55-இல் கும்ரகாரில் நடந்த மறு அகழாய்வு, தூண்களின் எண்ணிக்கையை 80 என உறுதிப்படுத்தியது. பாரசீகத் தொடர்பு முற்றிலும் இல்லை என்பது இதன் பொருளன்று. ஒப்பிடப்படும் இரண்டு இடங்களும் முறையாக அகழப்படும் வரையில் ஒப்பீடு ஊகமாகவே நிற்கும் என்பதே இதனால் பெறப்படுவது.

முறையான அகழாய்வு: 1931-1939

சிகாகோ பல்கலைக்கழகத்தின் கீழைநாட்டு ஆய்வு நிறுவனத்தை நிறுவிய ஜேம்ஸ் ஹென்றி பிரெஸ்டட்டின் முயற்சியால் 1931-இல் பெர்செபோலிஸ் அகழாய்வு தொடங்கியது. 1924-லேயே இம்மேடையை அளந்து ஆராய்ந்திருந்த ஜெர்மானிய அறிஞர் எர்ன்ஸ்ட் ஹெர்ட்ஸ்பெல்ட் அதன் முதல் இயக்குநரானார். 1932-இல் அபதானா என்னும் பேரவை மண்டபத்தின் கிழக்குப் படிக்கட்டு மண்ணுக்குள்ளிருந்து வெளிப்பட்டது. பேரரசின் 23 நாட்டுக் குழுவினர் காணிக்கைகளுடன் வரும் காட்சி அதில் சிதையாமல் இருந்தது. மேற்சட்டையின்றி அரையாடை மட்டும் அணிந்து, கோடரிகளையும் தோளில் காவடிபோல் தொங்கும் கூடைகளையும் சுமந்து, ஒரு கழுதையுடன் வரும் குழுவினர் 'ஹிந்துஷ்' எனப்பட்ட சிந்துவெளிப் பகுதியினர் என்று அறிஞர் கொள்வர்.

1933 செப்டம்பரில் கட்டடக்கலைஞர் பிரீட்ரிக் கிரெப்டர் அபதானாவின் மூலைகளில் கற்பெட்டிகளைக் கண்டெடுத்தார். ஒவ்வொன்றிலும் ஒரு பொற்றகடும் ஒரு வெள்ளித் தகடும் இருந்தன. டேரியஸ் தன் ஆட்சிப் பரப்பின் எல்லைகளை அவற்றில் மூன்று மொழிகளில் குறித்திருந்தான். ஹிந்துஷ் அவ்வெல்லைகளுள் ஒன்று. கற்பெட்டிகள் அடித்தளத்தில் இருந்தபடியே கண்டெடுக்கப்பட்டமையால், மண்டபத்தைத் தொடங்கியவன் டேரியஸ் என்பதற்கு அவை ஐயமற்ற சான்றாயின. அத்தகடுகள் சந்தையில் கிடைத்திருப்பின் பொன்னின் மதிப்பு குறைந்திராது. சான்றின் மதிப்பு பெரிதும் குறைந்திருக்கும்.

1934-இல் ஹெர்ட்ஸ்பெல்ட் விலகியபின் எரிக் ஷ்மிட் பொறுப்பேற்று 1939 வரை பணியை நடத்தினார். ஷ்மிட்டின் முறை வேறு. அறைக்கு அறை, பொருளுக்குப் பொருள் கிடைத்த இடத்தைக் குறிப்பது அவர் வழக்கம். விமானத்திலிருந்து மேடையையும் சுற்றுப்புறத்தையும் படமெடுத்து நிலப்பரப்பை முழுமையாகக் காணும் முயற்சியையும் அவர் மேற்கொண்டார். அவருடைய அறிக்கை 1953, 1957, 1970 ஆகிய ஆண்டுகளில் மூன்று பெருந்தொகுதிகளாக வெளிவந்தது. மூன்றாம் தொகுதி அவர் 1964-இல் மறைந்த பின்னர் வெளிவந்ததாகும். பெர்செபோலிஸ் பற்றிய பிற்கால ஆய்வுகள் அனைத்தும் இத்தொகுதிகளின் மீதே நிற்கின்றன.

களிமண் ஏடுகள்

பெர்செபோலிஸ் அகழாய்வின் தலையாய பேறு பொற்றகடுகள் அல்ல. 1933 மார்ச்சில் மேடையின் வடகிழக்கு மூலையில், அரண்சுவரை ஒட்டிய சிறு அறைகளில் களிமண் ஏடுகள் குவியலாகக் கிடைத்தன. முழு ஏடுகளும் துண்டுகளுமாகப் பல்லாயிரம் எண்ணிக்கையுடைய இவை 'அரண் ஏடுகள்' என்று வழங்கப்பெறுகின்றன. பெரும்பாலானவை உள்ளங்கையில் அடங்குபவை. டேரியஸின் 13-ஆம் ஆட்சியாண்டு முதல் 28-ஆம் ஆட்சியாண்டு வரை, அதாவது கி.மு. 509 முதல் 493 வரையிலான காலத்தைச் சார்ந்தவை. பின்னர் 1936 முதல் ஷ்மிட் கருவூலத்தில் மற்றொரு தொகுதியைக் கண்டெடுத்தார். பணியாளர்க்கு வெள்ளி வழங்கப்பட்டதைக் கூறும் இக்கருவூல ஏடுகளை ஜார்ஜ் கேமரன் 1948-இல் பதிப்பித்தார்.

அரண் ஏடுகளைப் படிப்பதற்காக ஈரான் அரசு அவற்றைச் சிகாகோவுக்குக் கடனாக அளித்தது. அவை 1936-இல் அங்குச் சென்று சேர்ந்தன. ரிச்சர்ட் ஹாலக் தம் வாழ்நாளின் பெரும்பகுதியை இவற்றுக்கே செலவிட்டு, 1969-இல் 2,087 ஏடுகளைப் பதிப்பித்தார். பெரும்பாலானவை ஈலமிய மொழியில் அமைந்தவை. அரமேய மொழி ஏடுகளும், எழுத்தின்றி முத்திரை மட்டும் பதித்த ஏடுகளும் உள்ளன.

இவ்வேடுகள் போர்களைப் பற்றியோ வெற்றிகளைப் பற்றியோ பேசவில்லை. வாற்கோதுமை, மாவு, மது, ஆடு ஆகியவை யாருக்கு, எவ்வளவு, யார் ஆணைப்படி வழங்கப்பட்டன என்னும் கணக்குகளே இவை. 'குர்தஷ்' எனப்பட்ட பணியாளர்களுள் ஈலமியர், பாபிலோனியர், எகிப்தியர், லிசியர், திரேசியர் எனப் பல நாட்டவர் இருந்தனர். மகப்பேறடைந்த பெண்களுக்குத் தனிப்படி வழங்கப்பட்டது. ஆண் குழந்தை பெற்றவளுக்கு, பெண் குழந்தை பெற்றவளைப்போல் இருமடங்கு கிடைத்தது. அரசின் உணவுப்படியில் பயணம் செய்தோரின் கணக்குகளும் உள்ளன. இந்தியாவிலிருந்து சூசாவுக்குச் சென்ற குழுக்கள் அவற்றில் இடம்பெறுகின்றன. சமயத்துறையிலும் இவை எதிர்பாராச் செய்தியைத் தருகின்றன. அரச கல்வெட்டுகள் அகுரமஸ்தா ஒருவனையே முதன்மைப்படுத்த, ஏடுகளோ ஹும்பன் என்னும் ஈலமியத் தெய்வத்துக்கு அரசு மிகுதியான படையல் அளித்ததைக் காட்டுகின்றன.

இங்கு ஓர் உண்மை தெளிவாகிறது. தனியொரு ஏட்டைப் படித்தால், யாரோ ஒருவர் சில படி மாவு பெற்றார் என்பதற்கு மேல் ஒன்றும் விளங்காது. அவ்வேட்டிலுள்ள முத்திரை மற்றொரு ஏட்டிலும் இருக்கும். அங்கே அம்முத்திரைக்கு உரியவரின் பதவி தெரியவரும். மூன்றாவது ஏட்டில் அவர் பயணம் செய்த ஊர் தெரியவரும். இவ்வாறு ஏடுகள் ஒன்றையொன்று விளக்கும்போதே ஓர் ஆட்சியமைப்பு கண்முன் எழுகிறது. ஹாலக் பதிப்பித்த ஏடுகளின் முத்திரைகளைத் தனியே தொகுத்து ஆராயும் வரிசையின் முதல் தொகுதியை மார்க் காரிசனும் மார்கரெட் கூல் ரூட்டும் 2001-இல் வெளியிட்டனர். தெய்ஸ்பெஸின் மகனும் அன்ஷானைச் சார்ந்தவனுமாகிய குரஷ் என்பவனின் பெயர் பொறித்த பழைய முத்திரையும் இவ்வேடுகளில் பதிந்துள்ளது. பேரரசை நிறுவிய சைரஸின் பாட்டன் இவன் என்பது பலர் கருத்து. ஏடுகளின் ஆற்றல் தொகுதியாக இருப்பதில் உள்ளது.

இடம் மாறிய சிற்பம்

1939-க்குப் பின் ஈரானியத் தொல்லியல் துறையினர் பணியைத் தொடர்ந்தனர். 1964 முதல் இத்தாலிய இணையர் கியுசெப்பே டிலியாவும் ஆன் பிரிட் டிலியாவும் மேடையின் சீரமைப்புப் பணியில் ஈடுபட்டனர். ஷ்மிட் கருவூலத்தில் கண்டெடுத்த இரண்டு பெருஞ்சிற்பங்கள் நெடுங்காலம் ஒரு புதிராக இருந்தன. மன்னன் அரியணையில் வீற்றிருக்கும் அக்காட்சி ஒரு கருவூல முற்றத்தில் ஏன் இடம்பெற்றது? டிலியா இணையர் அளவுகளையும் பொருத்துகளையும் ஒப்பிட்டு, அவை முதலில் அபதானாவின் இரு படிக்கட்டுகளின் நடுவே இருந்தவை என்றும், அக்கேமெனியர் காலத்திலேயே அகற்றப்பட்டுக் கருவூலத்துக்கு மாற்றப்பட்டவை என்றும் நிறுவினர். இதனால் படிக்கட்டுச் சிற்பம் முழுவதற்கும் பொருள் மாறியது. நாட்டுக் குழுவினர் யாரை நோக்கி நடந்தனர் என்பது விளங்கியது. ஒரு கல்லின் உரிய இடம் தெரிந்தமையால் நூற்றுக்கணக்கான உருவங்களுக்கு விளக்கம் கிடைத்தது.

இதற்கு நேர்மாறான நிகழ்வும் உண்டு. 1930-களில் அகழப்பட்டுப் பின் களவுபோன காவல்வீரன் புடைப்புச் சிற்பம் ஒன்று பல கைமாறி, 2017-இல் நியூயார்க் நகரில் விற்பனைக்கு வந்தபோது கைப்பற்றப்பட்டு, 2018-இல் ஈரானுக்குத் திருப்பியளிக்கப்பட்டது. அச்சிற்பம் ஈரானுக்கு உரியது என்பதை மெய்ப்பிக்க உதவியது அகழாய்வுக்காலப் பதிவே ஆகும்.

நீதிமன்றத்தில் ஏடுகள்

1997-இல் எருசலேமில் நடந்த குண்டுவெடிப்பில் பாதிக்கப்பட்ட அமெரிக்கர்கள், அத்தாக்குதலை நடத்திய அமைப்புக்கு ஈரான் துணைநின்றது என்று வழக்குத் தொடர்ந்தனர். 2003-இல் அவர்களுக்கு 7 கோடியே 15 இலட்சம் டாலர் இழப்பீடு வழங்குமாறு அமெரிக்க நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அத்தொகை செலுத்தப்படாத நிலையில், அமெரிக்க மண்ணிலுள்ள ஈரானின் உடைமை என்ற வகையில் பெர்செபோலிஸ் ஏடுகளைக் கைப்பற்றி விற்க அனுமதி கோரப்பட்டது. பாதிக்கப்பட்டோரின் துயரமும் நீதி வேட்கையும் உண்மையானவை. ஆயினும் ஏடுகள் ஏலத்தில் ஒவ்வொன்றாக விற்கப்பட்டிருப்பின், 2,400 ஆண்டுகளுக்கு மேல் மண்ணுக்குள் சேர்ந்திருந்த ஒரு தொகுதி சில நாட்களில் சிதறியிருக்கும்.

வழக்கு நிலுவையில் இருந்த காலத்தில், மேத்யூ ஸ்டோல்பர் தலைமையிலான குழு 2006 முதல் ஏடுகளைப் படமெடுத்துக் கணினிப் பதிவாக்கும் பணியை விரைவுபடுத்தியது. அப்பணியின்போதே, பழம்பாரசீக மொழியில் எழுதப்பட்ட கணக்கேடு ஒன்று அடையாளம் காணப்பட்டு 2007-இல் அறிவிக்கப்பட்டது. அரச கல்வெட்டுகளுக்கு மட்டுமே அம்மொழி எழுதப்பட்டது என்னும் நெடுநாள் கருத்தை இந்த ஒரு துண்டு அசைத்தது. கண்டெடுக்கப்பட்டு எழுபது ஆண்டுகளுக்கு மேல் அது எவராலும் அறியப்படாமல் தொகுதிக்குள் இருந்தது.

2018 பெப்ரவரி 21-இல் அமெரிக்க உச்சநீதிமன்றம், வெளிநாட்டரசின் உடைமைக்குரிய சட்டப் பாதுகாப்பு இவ்வேடுகளுக்கு உண்டு என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. வழக்கின் தொடக்க காலத்தில், 2004-இல், 300 ஏடுகள் ஈரானுக்குத் திரும்பியிருந்தன. தீர்ப்புக்குப் பின் 2019-இல் 1,783 ஏடுகளும், 2023-இல் 3,506 ஏடுகளும் திரும்பின.

மேடைக்கு வெளியே

அண்மைக்கால ஆய்வுகள் மேடையைவிட்டு இறங்கிச் சமவெளிக்குச் சென்றுள்ளன. அலிரெசா அஸ்காரி சாவெர்தியும் பியர்பிரான்செஸ்கோ கல்லியேரியும் தலைமையேற்ற ஈரானிய-இத்தாலியக் குழு, மேடையிலிருந்து ஏறத்தாழ 3.5 கிலோமீட்டர் தொலைவிலுள்ள தோல்-இ ஆஜோரி என்னும் மேட்டில் 2011 முதல் அகழாய்வு நடத்தியது. அங்குப் பாபிலோனின் இஷ்தார் வாயிலைப் போன்ற, வண்ண மெருகிட்ட செங்கல் வாயிற்கட்டடம் ஒன்று வெளிப்பட்டது. டேரியஸ் மேடையை எழுப்புவதற்கு முன்னரே இப்பகுதியில் அரச கட்டடம் இருந்தது என்பதை இது காட்டுகிறது. செங்கல்லுக்காக ஊரார் நெடுங்காலம் தோண்டிய ஒரு மேடு பெர்செபோலிஸின் தொடக்கத்தைப் பற்றிய கருத்தையே மாற்றியமைத்தது.

முடிவுரை

நான்கு நூற்றாண்டுக்கால வரலாற்றைத் தொகுத்து நோக்கும்போது சில முடிபுகள் புலனாகின்றன. முதலாவது, நீபூரின் படிகள் ஆப்பெழுத்தைப் படிக்க உதவின. அவருக்குப் பின் வந்தோர் பெயர்த்தெடுத்த கற்கள் வரிசையிலிருந்து அறுந்து பொருளிழந்தன. இரண்டாவது, பொன்னும் சிற்பமும் மன்னர் தம்மைப் பற்றிச் சொல்ல விரும்பியதைச் சொல்கின்றன. களிமண் ஏடுகளோ மன்னர் சொல்ல எண்ணாத பணியாளரையும் தாய்மாரையும் வழிப்போக்கரையும் காட்டுகின்றன. மூன்றாவது, அகழாய்வு மண்வெட்டியோடு முடிவதில்லை. பதிப்பு, பாதுகாப்பு, உரியவரிடம் திரும்ப ஒப்படைத்தல் ஆகியவையும் அதன் பகுதிகளே. அரண் ஏடுகளில் இன்னும் பதிப்பிக்கப்படாதவை பல உள்ளன. அவை ஒரே தொகுதியாக இருக்கும் வரையில்தான் இன்று பொருள் விளங்காத துண்டுக்கும் என்றேனும் ஒரு நாள் விளக்கம் கிடைக்கும் வாய்ப்பு உண்டு.